அம்மாளுக்கா, ஆச்சிக்கா?

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. பஸ்கள் சனத்தைக் கொண்டுவந்து இறக்கியபடியே இருக்கும். லோஞ்சுக்கான வரிசை வெயிலில் வளைந்து நிற்கும். அந்த வரிசையின் ஓரத்தில் இரண்டு வகைத் தொண்டர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவர் திருநீறும் வேட்டியுமாக, பெரிய பானையில் மோர் கரைத்து வைத்து ஊற்றிக்கொண்டிருப்பவர். மற்றவர் சீருடை அணிந்து, முதலுதவிப் பெட்டியோடு நிழல் தேடி நிற்கும் இளம்பெண்.

ஏன் வந்தீர்கள் என்று இருவரிடமும் கேட்டேன்.

மோர்க்காரர் சொன்னார்: "மகனுக்குச் சுகமானால் அஞ்சு வருஷம் தாகசாந்தி செய்யிறன் எண்டு அம்மாளுக்கு நேர்ந்தனான்." முதலுதவிப் பிள்ளையின் பதில் இன்னும் சுருக்கம்: "இந்த வெயிலுக்கு ஆக்கள் மயங்கி விழுவினம். ஆரும் நிக்கத்தானே வேணும்."

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எங்கள் மனம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். முன்னவர் கடவுளோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறார், பின்னவர் எதையும் எதிர்பாராமல் நிற்கிறார் என்று. இந்தச் சந்தேகம் நேற்று வந்ததல்ல. இந்தப் பிறப்பில் கொடுத்தால் மறுபிறப்பில் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் வணிகன் அல்லன் ஆய் அண்டிரன் என்று முடமோசியார் பாடியது புறநானூற்றின் 134ஆம் பாட்டில் இருக்கிறது. மேலுலகம் இல்லையென்றாலும் கொடுப்பதே நல்லது என்று வள்ளுவரும் சொல்லி வைத்திருக்கிறார். புண்ணியத்தை விலைபேசும் கொடையை அப்போதே தாழ்வாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பை மோர்க்காரர் மீது சுமத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. நேர்த்தி நிறைவேறியபின் செய்வது வியாபாரத்தைவிட நன்றிக்கடனுக்குத்தான் நெருக்கம். அத்தோடு நான் அவரோடு பேசியது அவருடைய ஒன்பதாவது வருஷத்தில். நேர்ந்த ஐந்து எப்போதோ முடிந்துவிட்டது. "பிறகும் ஏன் வாறியள்?" என்று கேட்டதற்கு, "வராமல் இருக்கேலாமல் கிடக்கு" என்றார். நேர்த்தி அவரை இந்தத் துறைக்குக் கொண்டுவந்து விட்டது. இங்கேயே நிறுத்தி வைத்திருப்பது வேறொன்று.

மறுபக்கத்திலும் கணக்கு இல்லாமலில்லை. அந்தப் பிள்ளையை நான் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: சான்றிதழ், விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி, படம். 2004 சுனாமிக்குப் பின்னும் 2009இல் போர் முடிந்த பின்னும் வாளியையும் பாயையும் கையில் பிடித்தபடி படத்துக்கு நின்ற சனம் வடக்கில் எத்தனை! அந்தக் கூச்சத்தை மறந்தவர்கள் இங்கே குறைவு. கொடையாளிக்கு அனுப்பவேண்டிய அறிக்கையில் கடவுளின் பெயர் இல்லை என்பதால் மட்டும் அது தன்னலமற்றதாகிவிடாது. தவிர, கோடு அவ்வளவு நேராகவும் இல்லை. 1859இல் சோல்பெரினோ போர்க்களத்தின் காயக்காரரைக் கண்டு கலங்கி, மதச்சார்பற்ற செஞ்சிலுவைக்கு வித்திட்ட ஹென்றி டூனான்ட் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர்.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான கதை, கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும் தீவோடு சேர்ந்தது. மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பெயர். காப்பியத்தில் அமுதசுரபி என்ற அந்தப் பாத்திரத்தை மதுரையில் சிந்தாதேவியிடம் பெற்றவன் ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாமல் ஊருக்கெல்லாம் ஊட்டுகிறான். இந்திரன் கிழவனாக வந்து, உன் தானத்தின் பயனை வாங்கிக்கொள் என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். உங்கள் உலகில் செய்த அறத்தின் பலனை உண்பவர் உண்டு. அறம் செய்பவரோ பசித்து வருபவரோ உண்டா? பசி ஆறியவர் முகத்தைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும் என்கிறான். கோபித்த இந்திரன் மழையைப் பொழியவைத்து நாட்டைச் செழிக்கச் செய்துவிட, ஆபுத்திரனைத் தேடி வருவாரில்லை. சாவகத்துக்குக் கப்பலேறியவன் வழியில் மணிபல்லவத்தில் இறங்க, அவனை விட்டுவிட்டே கப்பல் போய்விடுகிறது. கையில் குறையாத சோறு, ஊட்ட ஒருவரும் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, தானும் உண்ணாமல் கிடந்து உயிர் விடுகிறான்.

சொர்க்கத்தை மறுத்தவனும் ஒரு பலனை விரும்பினான், உண்டவரின் முகத்தை. ஆனால் அந்தப் பலன் எதிரில் இருப்பவரைத் தாண்டிப் போகாமல், அவர் பசி ஆறினால் மட்டுமே கிடைத்தது. என் உரைகல் இதுதான். புண்ணியமோ சான்றிதழோ, எதிரில் இருப்பவருக்கு என்ன ஆனாலும் சேர்ந்துவிடும் பலன் என்றால் அங்கேதான் தொண்டு கெடுகிறது.

ஒரு பந்தியில் இதைக் கண்ணால் கண்டேன். எனக்குப் பக்கத்து இலை ஓர் ஆச்சியுடையது. இலைக்கு மேல் கையை விரித்து "காணும் தம்பி, காணும்" என்கிறா. வாளியோடு வந்த பெடியன், "அம்மாளின்ரை சோறு ஆச்சி, வேண்டாமெண்டு சொல்லக்கூடாது" என்று விரலிடுக்கால் சாம்பாறு வழிய ஊற்றிவிட்டுப் போனான். அவனுடைய தொண்டு அம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆச்சி கையைத் துடைக்கத் துணி தேடினா.

1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரை வேறொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடப்பதாக ஏற்பாடு. வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதையைப் பேசப்போனவர்களிலும் நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் கடந்தே போனார்கள். நின்றவர்களுக்குள் இன்னொரு வேறுபாடு: கோட்பாட்டில் இறுக்கமானவர்கள் அந்த ஆள் வேண்டாம் என்ற பின்னும் தாங்கள் நினைத்த உதவியையே செய்ய முனைந்தார்கள். மதத்தை இன்னும் தேடலாகக் கொண்டிருந்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள். பந்தியில் வாளி தூக்கிய பெடியனை அங்கேயும் காண்கிறேன். மதத்துக்கு வெளியிலும் அவன் உண்டு. தகரக் கொட்டில் போதாது, கிணறுதான் வேண்டும் என்ற ஊருக்குக் கொட்டிலையே கட்டிவிட்டுப் போனவர்களில்.

மோர்க்காரரிடம் திரும்பி வருகிறேன். அன்று ஒரு கிழவி குவளையை வாங்காமல், "உப்புப் போட்டிருக்கே? எனக்குப் பிரஷர், மோனை" என்றா. அவர் திகைத்துப்போனார். முதலுதவிப் பிள்ளை எழுந்து வந்து, "மயங்கினவைக்கு உப்பு மோர் நல்லது ஐயா. பிரஷர்காரருக்கு வேறை வையுங்கோ" என்றாள். அவர் தனக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கிழவியிடம் கொடுத்தார்.

அடுத்த வருஷம் போனபோது பெரிய பானைக்குப் பக்கத்தில் சின்னப் பானை ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் சுண்ணாம்பால் எழுதியிருந்தார்: உப்பில்லை.