விலையில்லா மடிக்கணினியும் நினைவகப் பெருக்கமும்

1977-இல் நிறுவப்பட்ட எல்காட் எனும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் கொள்முதல் வழியே, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டம், வானூர் வட்டம் போன்ற ஊரகப் பகுதிகளின் அரசுப் பள்ளி மாணவர் பலர் வீட்டுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. தொடக்கக் காலக் கணினிகளில் ராம், அதாவது இயங்கும் நிரல்களைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம், 2 ஜிபி அளவே இருந்தமையால், பின்னாளில் பெருத்துப்போன உலாவிகளும் மென்பொருள்களும் அவற்றைத் தளரச் செய்தன.

இத்தளர்ச்சியைக் குறைக்க நினைவகத்தைக் கூட்டலாம்; ஆனால் எந்த அட்டையும் பொருந்திவிடாது. அக்கால டிடிஆர்3 வகை மடிக்கணினி நினைவக அட்டை 204 முனைகளைக் கொண்டது. 260 முனைகளையுடைய டிடிஆர்4 அட்டை அதன் செருகுவாயில் பொருந்தாது என்பதாலும், 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாது என்பதாலும், அட்டையின் தலைமுறையையும் இயங்குதளத்தையும் அறிந்தே நினைவகத்தைக் கூட்ட வேண்டும். பொதுப்பணத்தில் வாங்கிய கருவியின் ஆயுளை நீட்டிப்பது சமூகக் கடமையாகும்.