வில்லாவும் வில்லனும்

கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக விளம்பரப் பலகைகள் ‘வில்லா’ விற்கின்றன. தனி வீடு, கார் நிறுத்த இடம், கேட்டில் காவலாளி. இந்தச் சொல்லை லத்தீனில் பேசிய ரோமானியருக்கோ முதலில் ஞாபகம் வந்தது பண்ணைதான். முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா வில்லாவை மூன்றாகப் பிரிக்கிறார்: எசமானர் தங்கும் பகுதி, ஆட்களும் மாடுகளும் இருக்கும் பகுதி, விளைச்சலைச் சேர்த்துவைக்கும் பகுதி.

போகப்போக எசமானரின் பகுதி ஊதிப் பெருத்தது. காப்ரி தீவின் பாறை உச்சியில் பேரரசர் திபேரியஸ் வாழ்ந்த வில்லா யோவிஸ் பண்ணையே இல்லை, அரண்மனை. தீவில் நல்ல தண்ணீர் அரிது என்பதால் கட்டடத்தின் நடுவிலேயே பெரிய மழைநீர்த் தொட்டிகள் கட்டினார்கள்.

பண்ணையில் பாடுபட்டவன் ‘வில்லானுஸ்’. அவன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் முதலில் பட்டிக்காட்டான் ஆனான், பிறகு அயோக்கியன். நம் சினிமாவுக்கு வந்து வில்லன் ஆனான். தமிழ் அவனுக்கு ‘வில்லி’ என்று ஒரு பெண்பாலும் கொடுத்தது. பழந்தமிழில் வில்லி என்றால் வில்லாளி. அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆரோவில்லின் ‘வில்’ மட்டும் சொந்தக்காரன்: ஊரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் வில்லாவிலிருந்து வந்ததே.

வில்லா என்ற பெயர் கடல் கடந்தும் போனது. அமெரிக்காவில் செயின்ட் லாரன்ஸ் ஆறு ஒன்டாரியோ ஏரியை விட்டுப் புறப்படும் இடத்தில் கார்ல்டன் தீவு. 1894-இல் அங்கே வேனில் மாளிகை கட்டியவர் வில்லியம் வைக்காஃப். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களில் விரல் பழகியவர்களுக்குத் தெரிந்த ரெமிங்டன் இயந்திரங்களை விற்றுச் சேர்த்த பணம் அது. மனைவி குடிபுகும் முன்பே இறந்தார். வைக்காஃபும் 1895-இல் காலமானார். அந்த வீட்டில் படுத்த முதல் இரவிலேயே என்கிறார்கள். ஊழியர் விடுதியாக்க ஒரு நிறுவனம் பின்னர் வாங்கிப்போட்டது. இரண்டாம் உலகப் போரோடு அந்த எண்ணமும் போயிற்று.

கதவு, சன்னல், பளிங்கு என்று பெயர்க்க முடிந்ததெல்லாம் கழற்றிப் போகப்பட்டது. உயரக் கோபுரமும் இறக்கப்பட்டது. உள்ளே பூச்சு உதிர்ந்த சுவர்களில், சுண்ணச் சாந்து பிடிக்க வரிசையாக ஆணியடித்த மெல்லிய மரப்பட்டிகள் பல காலம் விலா எலும்பாகத் தெரிந்தன. கணப்படுப்புகளின் செங்கல் மட்டும் இடம் மாறவில்லை. படகில் கடந்தவர்களுக்கு ஒரு பக்கத்துச் சன்னல் ஓட்டை வழியே மறுபக்கத்து வானம் தெரிந்தது. அவர்கள் வாயில் அப்போதும் அது கார்ல்டன் வில்லாதான்.