ஹாக்ஸ் மரபணுக்கள் கண்டறியப்பட்ட வரலாறு

ஹாக்ஸ் மரபணுக்கள் என்பவை விலங்கின் கரு வளரும்போது, தலை முதல் வால் வரை எந்தப் பகுதி என்ன உறுப்புகளைப் பெற வேண்டும் என்று முடிவு செய்பவை. இவை காலையோ இறக்கையையோ நேரடியாகக் கட்டுவதில்லை. அவற்றைக் கட்டும் பிற மரபணுக்களை இயக்குவதும் நிறுத்துவதுமே இவற்றின் வேலை.

ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு முளைக்கும் விந்தையை ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் 1894-இல் தொகுத்து, அதற்கு 'ஹோமியோசிஸ்' என்று பெயரிட்டார். மெண்டலின் விதிகளே அப்போது உலகின் கவனத்துக்கு வந்திருக்கவில்லை. எனவே காரணம் புலப்படவில்லை.

1915-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மார்கனின் ஆய்வகத்தைச் சேர்ந்த கால்வின் பிரிட்ஜஸ் ஒரு விசித்திரமான பழ ஈயைக் கண்டார். பழ ஈக்கு ஒரு சோடி இறக்கைகளே உண்டு. அவற்றின் பின்னால், பறக்கும்போது உடலைச் சமநிலையில் வைக்கும் சிறு குமிழ்கள் இருக்கும். இந்த ஈயில் அக்குமிழின் ஒரு பகுதி இறக்கையாக மாறியிருந்தது. இந்தத் திடீர்மாற்றத்துக்கு 'பைதோராக்ஸ்' என்று பெயர்.

இதைப் பற்றிக்கொண்டவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் எட்வர்டு லூயிஸ். உடலமைப்பு அவருடைய முதல் கேள்வி அன்று. புதிய மரபணுக்கள் எப்படித் தோன்றுகின்றன என்று அறியவே அவர் பைதோராக்ஸை எடுத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஈக்களைக் கலப்பினம் செய்தார், குறைவாகவே எழுதினார். சில திடீர்மாற்றங்களை ஒரே ஈயில் சேர்த்தபோது, முழு வளர்ச்சியுற்ற நான்கு இறக்கைகளுடன் ஈ பிறந்தது. உயிரியல் பாடநூல்களில் இன்றும் காணப்படும் படம் அதுதான்.

1978-இல் லூயிஸ் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: இம்மரபணுக்கள் குரோமோசோமில் எந்த வரிசையில் அமைந்துள்ளனவோ, அதே வரிசையில்தான் அவை ஆளும் உடற்பகுதிகளும் அமைந்துள்ளன. ஒவ்வொரு கண்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு மரபணு இருக்கும் என்ற அவருடைய கணிப்பு மட்டும் பொய்த்தது. அப்பகுதியில் இருப்பவை மூன்றே மரபணுக்கள் என 1985-இல் தெரியவந்தது. வரிசை பற்றிய கண்டுபிடிப்பு நிலைத்தது.

ஆனால் ஈயில் கண்டது மற்ற விலங்குகளுக்குப் பொருந்துமா? தொலைதூர உறவுள்ள விலங்குகளிடையே ஒத்த மரபணுக்களைத் தேடுவது வீண் என்று பரிணாம அறிஞர் எர்ன்ஸ்ட் மேயர் 1963-இல் எழுதியிருந்தார். அன்றைய அறிவுக்கு அது நியாயமான கருத்தே. 1983-84 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கெரிங் குழுவினரும், அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஸ்காட் முதலியோரும், ஈயின் பல மரபணுக்களில் சுமார் 180 கார இணைகள் கொண்ட ஒரே மாதிரியான துண்டு இருப்பதைத் தனித்தனியே கண்டனர். இதுவே 'ஹோமியோபாக்ஸ்'. விரைவிலேயே தவளையிலும் எலியிலும் மனிதரிலும் அது கிடைத்தது. ஈயில் 8 ஹாக்ஸ் மரபணுக்கள். மனிதரில் நான்கு குரோமோசோம்களில் 39. வரிசையும் ஒத்திருந்தது. ஆகவே 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த பொது மூதாதையிடமே இவை இருந்திருக்க வேண்டும்.

லூயிஸுக்கு 1995-இல், கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வோல்ஹார்டு, எரிக் வீஷௌஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது.

மரபணுக்கள் பொதுவானவை என்றால் உடல்கள் ஏன் வேறுபடுகின்றன? 2002-இல் ஒரு விடை கிடைத்தது. இறால் குஞ்சுகளுக்கு உணவாகும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிருக்கு 11 சோடி நீந்து கால்கள். பூச்சிக்கோ மூன்று சோடி கால்களே. இரண்டிலும் 'அல்ட்ராபைதோராக்ஸ்' மரபணு உண்டு. ஈயின் கருவில் சோதித்தபோது, ஈயின் அல்ட்ராபைதோராக்ஸ் புரதம் கால் முளைப்பதைத் தடுத்தது. ஆர்ட்டீமியாவின் புரதம் பெரிதாகத் தடுக்கவில்லை. வேறுபாடு அப்புரதத்தின் வால்முனையில் இருந்தது.