பரேலில் 1983 மார்ச் 20

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சி, மகளையும் கூட்டிக்கொண்டு செம்பூருக்கே தேடி வந்துவிட்டார்.

"தம்பி, முதுகுத்தண்டுல ஊசி போட்டு உறிஞ்சினா பிள்ளைக்குக் கால் விளங்காமப் போயிருமாமே?"

மகனுக்கு ரத்தப் புற்றுநோய். அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கோ தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அண்ணாச்சி நிலைமையை யோசித்துப் பாருங்கள்! அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதுகுத்தண்டு வேறு, மஜ்ஜை வேறு. ஊசி போவது இடுப்பெலும்பில், அதுவும் மயக்கம் கொடுத்து. எடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். நல்லி எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுகிறவர்களுக்கு மஜ்ஜையை நான் விளக்க வேண்டியதில்லை :-) ரத்த அணுக்கள் பிறக்கும் இடம் அது. அவற்றை உண்டாக்கும் தாய்ச்செல்களை 1961-ல் எலிகளை வைத்துக் காட்டியவர்கள் டில், மெக்கல்லக் என்ற இருவர். நம்மாட்கள் நிறைந்திருக்கும் அதே டொராண்டோவில்தான்.

அதற்கு முன்பே, 1957-ல், அமெரிக்காவில் டொனால் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்தார். ஒருவரும் நூறு நாளைத் தாண்டவில்லை. மனிதர்களை விட்டுவிட்டு நாய்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தார் மனுஷன். ஹெச்.எல்.ஏ. என்கிற அடையாளங்கள் ஒத்துப்போகிற உடன்பிறப்பின் மஜ்ஜை என்றால் உடம்பு ஏற்கும் என்று பிடிபட்ட பிறகுதான், 1960களின் கடைசியில், வழி திறந்தது. 1990-ல் தாமஸுக்கு நோபல் பரிசு.

உடன்பிறந்த ஒருவர் முழுசாகப் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்றுதான். "பத்துப் பொருத்தத்தை விடக் கஷ்டம் அண்ணாச்சி" என்றேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

சியாட்டிலில் தாமஸின் மையத்தில் பயிற்சி பெற்றவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. சிறுவயதில் போலியோ தாக்கியதால் சக்கர நாற்காலியில் இருந்தே வைத்தியம் பார்த்தவர். 1983 மார்ச் 20 அன்று, பரேல் டாடா மெமோரியலில், 9 வயதுச் சிறுமிக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையை ஏற்றினார். இந்தியாவில் அதுதான் முதல் தடவை. மாட்டுங்காவில் ரயில் ஏறினால் அடுத்தது தாதர், அதற்கடுத்தது பரேல். அவ்வளவு பக்கத்தில் நடந்திருக்கிறது, எனக்கே ரொம்ப நாள் தெரியாது. 1986-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதில் எலும்பைத் திறப்பதே இல்லை. நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, புதியதை ரத்தம் மாதிரி சொட்டுச்சொட்டாக ஏற்றுகிறார்கள். தாதரில் இறங்கிய நம்மாட்கள் விசாரித்து விசாரித்து தாராவிக்குப் போய்ச் சேர்ந்த மாதிரி, அந்தச் செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறிவிடும். சில நேரம் வந்தேறிய செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்குவதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படித் தம்பி சொல்ல?" என்றார் அண்ணாச்சி.

"நான் நேத்தே போன்ல சொல்லிட்டேம்ப்பா" என்றது பெண்.

கல்யாணம் வைகாசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது.