கருவளர்ச்சிச் சான்றும் விலங்கு வகைப்பாடும்

ஒரு விலங்கு கருமுட்டையிலிருந்து முதிர்நிலை எய்தும்வரை கடக்கும் படிநிலைகளைக் கொண்டு அதன் உறவினங்களைத் துணிவது கருவளர்ச்சிச் சான்று எனப்படும். முதிர்ந்த உடலில் இன அடையாளங்கள் அழிந்துபோன விலங்குகளில்தான் இதன் பயன் மிகுதி.

பார்னக்கிள்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு சுண்ணாம்பு ஓட்டுக்குள் வாழும் இவற்றைக் குவியே போன்ற பேரறிஞரே சிப்பி, நத்தைகளோடு மெல்லுடலிகளில் சேர்த்திருந்தார். ஓட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அயர்லாந்தின் கார்க் பகுதியில் பணியாற்றிய படைமருத்துவர் ஜான் வாகன் தாம்சன், கடல்நீரில் பிடித்த சிற்றுயிர்களை வளர்த்துப் பார்த்தார். கண்ணும் நீந்தும் கால்களும் கொண்டு திரிந்தவை ஓரிடத்தில் ஒட்டிப் பார்னக்கிள்களாயின. 1830-இல் அவர் இதை வெளியிட்டபின், பார்னக்கிள்கள் நண்டு, இறால் சேர்ந்த ஓட்டுடலிகளின் வகுப்புக்கு மாறின. முட்டையிலிருந்து வெளிவரும் அவற்றின் நாப்ளியஸ் லார்வாவுக்கு மூன்று இணை உறுப்புகளும் ஒற்றைக் கண்ணும் உண்டு. அது ஓட்டுடலிகளுக்கே உரிய வடிவம்.

நண்டின் உடலுக்குள் வேர்போல் பரவும் ஒட்டுண்ணியான சாக்குலினா இன்னும் விசித்திரமானது. முதிர்ந்தபின் அதற்குக் காலும் இல்லை, குடலும் இல்லை. நண்டின் வயிற்றடியில் ஒரு பை மட்டும் வெளியே தெரியும். ஆனால் அதன் லார்வாவும் நாப்ளியஸ்தான். அதைப் பாராமல் சாக்குலினாவைப் பார்னக்கிள் இனம் என்று அந்நாளில் எவரும் கண்டிருக்க முடியாது.

1866-இல் ரஷ்ய அறிஞர் கோவலெவ்ஸ்கி, பாறையில் பைபோல் ஒட்டி வாழும் அசிடியன்களின் லார்வா வாலில், முதுகெலும்பிகளின் கருவிலும் உள்ள முதுகுநாண் இருப்பதைக் காட்டினார். மெல்லுடலிகளோடு எண்ணப்பட்டு வந்த விலங்கு நம் உறவாயிற்று.

அதே ஆண்டில் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், கரு தன் மூதாதையரின் முதிர்நிலைகளை வரிசையாகத் திரும்பக் காட்டுகிறது என்றார். கவர்ச்சியான கருத்து, ஆனால் பிழை. நெருங்கிய இனங்களின் கருக்கள் தொடக்கத்தில் ஒத்திருந்து பின்னர் விலகுகின்றன என்று 1828-இலேயே கருவியலாளர் வான் பேயர் கூறியது உண்மைக்கு அருகானது.

அதற்கும் விலக்கு உண்டு. ஆஸ்திரேலியக் கடலின் ஹீலியோசிடாரிஸ் என்னும் கடல் முள்ளெலிகளில் இரு இனங்கள் நெருங்கிய உறவின. ஒன்றின் லார்வா நீந்தி இரைதேடி வளர்கிறது; மற்றதன் பெரிய முட்டை அந்த நிலையையே தவிர்த்துச் சில நாட்களில் கடல் முள்ளெலியாகிறது. இளம்பருவமும் பரிணாமத்துக்கு உட்பட்டதே. ஆகவே லார்வாக்கள் வேறுபடுவதை மட்டும் வைத்து இனங்களைத் தூரப்படுத்துவது தவறு.

ஒற்றுமையும் ஏமாற்றும். சிப்பி போல் இரட்டை ஓடுடைய கடல்விலங்குகளான பிராக்கியோபாடுகளின் கருப்பிளவு முறையைப் பார்த்து, பலர் அவற்றை நட்சத்திரமீன்களின் பெரும்பிரிவோடு இணைத்திருந்தனர். 1995-இல் ரைபோசோம் மரபணு வரிசை ஒப்பீடு அவற்றை மெல்லுடலிகளுக்கும் வளைதசைப் புழுக்களுக்கும் அருகே வைத்தது. அந்த இடமே இன்று ஏற்கப்படுகிறது.