பழவேற்காடு மீனவர் ஊர்களும் எடைப்பயிற்சியின் வரலாறும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. ஒல்லாந்தர் 1613இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டியதால் இவ்வூரின் வணிக வரலாறு நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதே கரையில் வலை இழுத்தவர்களின் உடல் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

உழைப்பே பயிற்சியாக இருந்த காலம்

இயந்திரம் வருமுன் மீன்பிடித் தொழிலின் ஒவ்வொரு கட்டமும் எடை தூக்கும் வேலையாகவே இருந்தது. கட்டுமரம் கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, நீரில் ஊறிய மரங்களைத் தோளில் சுமந்து சென்று உலர்த்துவர். கரைவலையின் இரு முனைகளிலும் பலர் வரிசையாக நின்று, மணலில் காலை ஊன்றி இழுப்பர். காயலுக்குள் 'பாடு' முறைப்படி முறைவைத்து வலை கட்டுவோர், கழிகளையும் ஈர வலைகளையும் ஓடத்தில் ஏற்றி இறக்குவர். இருளர் பெண்கள் ஆழம் குறைந்த நீரில் மணிக்கணக்கில் இருந்து கையால் துழாவி இறால் பிடிப்பர். இவர்களுக்குத் தனியாகக் கல் தூக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஈர வலையே போதுமானதாக இருந்தது.

உள்நாட்டுத் தமிழ் ஊர்களில் கல் இருந்தது. வழுவழுப்பான உருண்டை வடிவ இளவட்டக்கல்லை முதலில் முழங்காலுக்கும், பின் மார்புக்கும், பின் தோளுக்கும் ஏற்றிப் பின்புறம் போடுவது வழக்கம். தென் மாவட்டங்களில் சில ஊர்களில் பொங்கல் நாளில் இப்போட்டி இன்றும் நடக்கிறது. இதனுடன் கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி ஆகியவையும் இருந்தன.

டம்பெல், பார்பெல் வழியிலான உடற்கலையை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் யூஜின் சாண்டோ. அவர் 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பெங்களூரின் கே. வி. ஐயர் எடைப்பயிற்சியை யோகாசனத்துடன் இணைத்து, அஞ்சல் வழியாகவும் கற்பித்தார். போட்டிக் களத்தில் 1978ஆம் ஆண்டு எட்மன்டன் காமன்வெல்த் விளையாட்டில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும், தமிழ்ச்செல்வன் வெள்ளியும் வென்றனர். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் தங்கம் வென்றார்.

மருந்தாக மாறிய எடை

இந்த வரலாற்றில் பதக்கங்களைவிடப் பெரிய திருப்பம் ஒரு மருத்துவமனையில் நிகழ்ந்தது என்றே கூற வேண்டும். இளமையில் வாதக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட தாமஸ் டிலோர்ம், எடை தூக்கியே வலிமை பெற்றவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், சிகாகோ இராணுவ மருத்துவமனையில், முழங்கால் பழுதுற்ற வீரர்களுக்கு அதே முறையைக் கையாண்டார். அவர் 1945இல் வெளியிட்ட கட்டுரை, நோயாளிக்கு எடை ஆகாது என்ற எண்ணத்தை மாற்றியது. முறை எளியது: ஒருவரால் 10 முறை மட்டுமே தூக்க முடிந்த எடையைக் கண்டறிந்து, முதலில் அதில் பாதியையும், பிறகு முக்காலையும், கடைசியில் முழு எடையையும் 10 முறை தூக்கச் செய்வது. வலிமை கூடக் கூட எடையும் கூட்டப்படும். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியோர் எட்டு வாரப் பயிற்சியில் தம் கால் வலிமையை இரு மடங்குக்கும் மேலாக உயர்த்தினர். தசையை மீட்க வயது ஒரு தடையல்ல என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

உழைப்பு குறைந்தபின்

துடுப்பின் இடத்தை இயந்திரம் பிடித்தது. கட்டுமரத்தின் இடத்தில் கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்தில் இப்படகுகள் மேலும் பெருகின. சுமை குறைந்தது நல்லதே. முதுகும் தோளும் தேய்ந்த தலைமுறையைக் கண்டவர் எவரும் பழைய உழைப்பை மீண்டும் கேட்கமாட்டார். ஆனால் கடும் உழைப்புக்கென அமைந்த உணவு, உழைப்பு குறைந்தால் உடலில் கொழுப்பாகச் சேரும். தட்டு நிறையச் சோறு, உப்பு மிகுந்த கருவாடு, சர்க்கரை கூட்டிய தேநீர் ஆகியவற்றை மாற்றுவது எடை தூக்குவதைவிடக் கடினம். உலக சுகாதார அமைப்பு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவே. காயலின் மீன் நல்ல புரதம். அதைப் பொரிக்காமல் குழம்பாக்கி, சோற்றைக் குறைத்து உண்பது புதுச் செலவு இல்லாத மாற்றமாகும்.

இது கடலோரத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. தசையே இரத்தச் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் உறுப்பு என்பதால், அது மெலிந்தால் சர்க்கரைக் கட்டுப்பாடும் தளர்கிறது. எனவேதான் உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கத்துடன், இரு நாள் தசை வலுவூட்டும் பயிற்சியையும் சேர்த்துக் கூறுகிறது.

இதற்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமில்லை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. குடத்தில் நீரின் அளவை வாரந்தோறும் சிறிது கூட்டினாலே டிலோர்மின் முறை கைவந்துவிடும். இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவலி உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளுடன் இயன்முறை மருத்துவமும் வீட்டிலேயே வழங்கப்படுகிறது.