நைலோன் வலையும் ஆக்கவுரிமைச் சொல்லும்

சுருவில் முதலான தீவகக் கரைகளில் முன்னர் பருத்தி வலைகள் கொண்ட இடத்தை இன்று நைலோன் வலைகள் பெற்றுள்ளன. நனைந்தும் எளிதில் உக்காத அவ்விழையின் வரலாறு இரசாயன வரலாறு மட்டுமன்று, சொற்பொருளின் வரலாறுமாகும்.

ஆக்கவுரிமைப் பத்திரத்தின் ஈற்றில் அமையும் உரிமைக் கோரிக்கைகள் காணிக்கு வேலி போன்றன. உரைகாரர் சூத்திரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பயன் காண்பது போல, அவற்றின் ஒவ்வொரு சொல்லும் நிறுக்கப்படும். பல்பகுதியங்களுக்கு இவ்வேலியிடுதல் அரிது. அவற்றின் மூலக்கூறுகள் ஒரே நீளத்தன அல்ல. எனவே, எப்பொருள்களிலிருந்து எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதைக் கொண்டே அவற்றைப் பெரும்பாலும் வரையறுக்க நேர்ந்தது.

அமெரிக்க டியூபொன்ற் நிறுவனத்தில் வலஸ் கரோதர்ஸ் 1935இல் ஆக்கிய நைலோன், ஈரமைனும் ஈரமிலமும் சேர்ந்து உருவானது. கப்ரோலக்ரம் என்னும் பொருள் பல்பகுதியமாகாதென அவரும் பெர்ஷேயும் 1930இல் எழுதியிருந்தனர். அவ்வெதிர்மறைக் கூற்று ஓர் இடைவெளியை விட்டது. 1938 சனவரியில் பேர்லினில் போல் சிலாக் அப்பொருளிலிருந்தே நைலோன் 6 என்னும் இழைக்குரிய பல்பகுதியத்தை ஆக்கினார். 1939இல் ஐ. ஜி. பார்பன் நிறுவனமும் டியூபொன்ற்றும் உடன்படிக்கை செய்துகொண்டன.

உரிமைக் கோரிக்கைகள் தெளிவும் சுருக்கமும் உடையனவாதல் வேண்டுமென்பது இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் நெறியுமாகும். பிறரது முயற்சிக்குரிய எல்லையை ஒரு சொல்லே வகுக்குமாதலின், அச்சொல்லை ஆராய்தல் மொழி பயில்வார்க்கும் உரிய கடனாம்.